என் செயற்கூற்றை யார், எப்போது, எத்தனை முறை அழைத்தார்கள்?

39 பேருக்கு ஒரே நினைவூட்டல் மடல் மூன்று முறை போயிருந்தது. 40ஆவது ஆளுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் இருந்த எவருக்கும் போகவில்லை. அந்த நிரலை எழுதியவன் நான். அதற்குச் சோதனைகளும் எழுதியிருந்தேன். வழு வெளிப்பட்ட நாளன்று காலையிலும் அத்தனை சோதனைகளும் தேறியே இருந்தன.

நிரலின் அமைப்பு எளியது. பதிவுகள் ஒரு சேவையிலிருந்து பக்கம் பக்கமாக வரும், பக்கத்துக்கு 100. அந்தப் பக்கங்களை வாங்கி, உள்ளே இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் கொடுக்கும் பெயரற்ற செயற்கூற்றிடம் (பெயர் வைக்காமல் அந்த இடத்திலேயே எழுதித் தரும் நிரல்துண்டு) ஒப்படைக்கும் ஓர் இட்டரேட்டரை, அதாவது ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் நிரலை, எழுதியிருந்தேன். பயன்படுத்துபவர் பக்கங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒவ்வொரு பதிவுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரு செயற்கூறாகக் கொடுத்தால் போதும். வலையிணைப்பு அவ்வப்போது அறுந்துகொண்டிருந்ததால், பக்கம் வாங்குவது தோற்றால் மொத்தம் மூன்று முறை முயலும்படி பிற்பாடு மாற்றினேன். தவறு அங்கேதான் புகுந்தது. பக்கத்தை வாங்குவதையும், பதிவுகளைச் செயற்கூற்றிடம் கொடுப்பதையும் ஒரே பிழைபிடிக்கும் தொகுதிக்குள் வைத்துவிட்டேன். 40ஆவது பதிவில் முகவரி காலியாக இருந்தது. மடல் அனுப்பும் செயற்கூறு பிழை எறிந்தது. பக்கம் வாங்குவதுதான் தோற்றது என்று இட்டரேட்டர் எடுத்துக்கொண்டது. பக்கத்தை மறுபடி வாங்கி, முதல் பதிவிலிருந்து மறுபடி தொடங்கியது. மூன்றாவது முறையும் அதே இடத்தில் விழுந்த பிறகுதான் நின்றது.

சோதனை இதை ஏன் காட்டவில்லை? நான் மூன்று போலிப் பக்கங்களைக் கொடுத்திருந்தேன். உள்ளே அனுப்பிய செயற்கூறு ஒவ்வொரு பதிவையும் அதன் அடையாள எண்ணின்கீழ் ஓர் அகராதியில் போட்டது. கடைசியில் அகராதி சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரே பதிவு மூன்று முறை வந்தாலும் அகராதியில் அதற்கு ஓர் இடம்தான். மறுமுயற்சிக்கும் தனியே ஒரு சோதனை இருந்தது: முதல் முயற்சியில் பக்கம் கிடைக்காமல் இரண்டாவதில் கிடைக்கும், அகராதி நிரம்பும், சோதனை தேறும். என் செயற்கூறே பிழை எறிந்தால் என்ன ஆகும் என்று எந்தச் சோதனையும் கேட்கவில்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் சோதித்தது விளைவை, அழைப்பை அல்ல. பெயர் வைத்து எழுதி நானே அழைக்கும் செயற்கூறு என்றால், அழைக்கும் வரி என் கண்முன் இருக்கிறது. பெயரற்ற செயற்கூற்றை ஓர் இட்டரேட்டரிடம் கொடுத்துவிட்டால் அந்த வரி என் கையை விட்டுப் போய்விடுகிறது. எத்தனை முறை அழைப்பது, எந்த வரிசையில், என்னென்ன மதிப்புகளைக் கொடுத்து, இப்போதா பிறகா, பிழை வந்தால் என்ன செய்வது என அத்தனையும் வாங்கிக்கொண்டவரின் முடிவு. சோதிக்க வேண்டியது அந்த முடிவுகளைத்தான்.

அதிலிருந்து நான் கைக்கொண்ட முறை மிகச் சிறியது. சோதனையில் உள்ளே அனுப்பும் செயற்கூறு எந்த வேலையும் செய்யாது. தன்னிடம் வந்த எல்லா மதிப்புகளையும் வந்த வரிசையிலேயே ஒரு பட்டியலில் சேர்க்கும். அவ்வளவுதான். கடைசியில் அந்த முழுப் பட்டியலையும் எதிர்பார்த்த பட்டியலோடு ஒப்பிடுவேன். எண்ணிக்கை மட்டும், கடைசி அழைப்பு மட்டும் என்று துண்டு துண்டாகப் பார்ப்பதில்லை. முழுப் பட்டியலும் ஒத்துப்போனால் எண்ணிக்கை, வரிசை, மதிப்புகள் மூன்றும் ஒரே ஒப்பீட்டில் தேறிவிடுகின்றன. சோதனைக் கருவிகளான ஜெஸ்ட், சைனான், பைத்தானின் யூனிட்டெஸ்ட் மாக் ஆகியவற்றில் இதற்கென்றே ஒற்றன் செயற்கூறுகள் இருக்கின்றன. ரூபியின் ஆர்ஸ்பெக், தொகுதிக்கு (ரூபியில் பெயரற்ற செயற்கூறு போன்றது) அடுத்தடுத்து என்னென்ன மதிப்புகள் கொடுக்கப்பட்டன என்று கேட்பதற்கே தனிச் சரிபார்ப்பு வைத்திருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் சில வாரங்கள் கையாலேயே ஒரு பட்டியலும் ஒரு செயற்கூறும் எழுதிப் பார்ப்பது நல்லது என்பேன். என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இப்படிப் பதிவுசெய்யத் தொடங்கியதும், பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தவற்றைப் பற்றியே நான் அறியாதவை வெளிவரத் தொடங்கின.

ஜாவாஸ்கிரிப்டின் மேப்பை எடுத்துக்கொள்வோம். அணியின் (வரிசையாக மதிப்புகளை வைத்திருக்கும் பட்டியலின்) ஒவ்வோர் உறுப்பையும் நம் செயற்கூற்றுக்குக் கொடுத்து, விடைகளைப் புதிய அணியாகத் தரும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பட்டியலைப் பார்த்தால் ஒவ்வோர் அழைப்பிலும் மூன்று மதிப்புகள் இருக்கும்: உறுப்பு, அதன் சுட்டெண் (0இலிருந்து எண்ணும் இட எண்), முழு அணி. ஜெஸ்ட்டின் ஒற்றனை மேப்புக்குக் கொடுத்துவிட்டு 'உறுப்போடு அழைக்கப்பட்டதா' என்று கேட்டால் சோதனை தோற்கும். ஏனெனில் மற்ற இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் ஒற்றனைக் குறைசொல்வதைக் கண்டிருக்கிறேன். ஒற்றன் உள்ளதைத்தான் சொல்கிறது.

பெயரற்ற செயற்கூறு தேவையில்லை என்று நினைத்து, ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் பெயரை அப்படியே கொடுத்துவிடும்போது இந்தக் கூடுதல் மதிப்புகள் கடிக்கும். எழுத்துச்சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டை மேப்பிடம் நேரடியாகக் கொடுப்பது பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நான் இதைச் சோதிக்க '10', '10', '10', '10' என்ற நான்கு சரங்களைப் பயன்படுத்துவேன். விடை 10, 'எண் அல்ல', 2, 3 என்று வரும். பார்ஸ்இன்ட் இரண்டாவதாக எதிர்பார்ப்பது அடிமானம், அதாவது எந்த எண்முறையில் படிப்பது என்பது; மேப் இரண்டாவதாகக் கொடுப்பது சுட்டெண். 0 என்றால் வழக்கமான பத்தடிமானம், 1 செல்லாத அடிமானம், 2 என்றால் இரும எண்ணாகப் படித்து 2, பிறகு மூன்றடிமானத்தில் படித்து 3. கடைசி இரண்டும்தான் உண்மையில் ஆபத்தானவை. 'எண் அல்ல' என்று வந்தால் எங்காவது உடையும், தெரிந்துவிடும். 2, 3 என்று வந்தால் அவை கணக்கில் சேர்ந்து அமைதியாகப் பயணம் செய்யும்.

இதன் இன்னொரு முகம் நிரல்தொகுப்புகளைப் புதுப்பிக்கும்போது தெரிகிறது. நேற்றுவரை ஒரே அளபுரு (உள்ளே வாங்கும் மதிப்பு) வைத்திருந்த ஒரு செயற்கூறு, புதிய பதிப்பில் விருப்பத் தேர்வாக இரண்டாவது அளபுருவைப் பெறுகிறது. அதை வெளியிட்டவருக்கு இது பழையதை உடைக்காத மாற்றம். மேப்புக்குப் பெயரோடு கொடுத்து வைத்திருந்த நமக்கோ சுட்டெண் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே பிறர் எழுதிய செயற்கூறு எதையும் நான் நேரடியாகக் கொடுப்பதில்லை. ஒரே ஒரு மதிப்பை வாங்கி, அதை மட்டும் உள்ளே அனுப்பும் ஒரு பெயரற்ற செயற்கூற்றால் போர்த்துகிறேன். வீண் சுற்று என்று சொல்பவர்கள் உண்டு. அந்தச் சுற்றுதான் வேலி.

மதிப்புகளின் வரிசையும் ஊருக்கு ஊர் வேறு. ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்ஈச் உறுப்பை முதலில் தரும், சுட்டெண்ணைப் பிறகு தரும். ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தொகுப்பின் ஈச் சுட்டெண்ணை முதலில் தரும். ரூபியில் இன்ஜெக்ட், இதுவரை சேர்ந்த திரள்மதிப்பை முதலில் கொடுக்கிறது; ஈச் வித் ஆப்ஜெக்ட் அதையே இரண்டாவதாகக் கொடுக்கிறது. லிஸ்ப்பில் மேப்கார் என்பது உறுப்புகளைக் கொடுக்கும். மேப்லிஸ்ட் என்பது உறுப்பை அல்ல, அந்த உறுப்பில் தொடங்கி மீதமுள்ள பட்டியல் முழுவதையும் கொடுக்கும். இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய நான் முயல்வதில்லை. இரண்டு உறுப்புகள் கொண்ட பட்டியலும் பதிவுசெய்யும் செயற்கூறும் இருந்தால் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சோதனைத் தரவில் 0, 1, 2 போன்ற எண்களை உறுப்புகளாக வைக்கக் கூடாது. உறுப்பும் சுட்டெண்ணும் ஒன்றுபோல் இருந்தால் இடம் மாறி வந்தாலும் தெரியாது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 'n உறுப்புகள் இருந்தால் n அழைப்புகள்' என்ற நம்பிக்கை எத்தனை இடங்களில் பொய்க்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன். நீளம் 3 என்று மட்டும் சொல்லி உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் அணியில் மேப்பை ஓட்டினால் நம் செயற்கூறு ஒரு முறைகூட அழைக்கப்படாது. அந்த இடங்கள் ஓட்டைகள்; மேப், வடிகட்டும் ஃபில்டர், ஃபார்ஈச் ஆகியவை ஓட்டைகளைத் தாண்டிப் போய்விடும். பொருந்தும் உறுப்பைத் தேடும் ஃபைண்ட் தாண்டாது; வரையறுக்கப்படாத மதிப்போடு நம்மை அழைக்கும். உறுப்புகளை ஒரே மதிப்பாகத் திரட்டும் ரெடியூஸைத் தொடக்க மதிப்பு இல்லாமல் பயன்படுத்தினால் n உறுப்புகளுக்கு n−1 அழைப்புகள். ஒரே உறுப்பு இருந்தால் அழைப்பே இல்லை, அந்த உறுப்பு அப்படியே திரும்பி வரும். உறுப்பே இல்லையென்றால் பிழை எறியப்படும். எல்லாப் பொருள்களின் எடையையும் கூட்ட ரெடியூஸ் எழுதியிருந்த ஒரு நிரலில், ஒரே பொருள் இருக்கும்போது மட்டும் எடைக்குப் பதிலாகப் பொருளே வெளியே வந்ததைக் கண்டு நெடுநேரம் திகைத்திருக்கிறேன். அன்று முதல் தொடக்க மதிப்பு இல்லாத ரெடியூஸை நான் எழுதியதில்லை. ரெடியூஸுக்கான எந்தச் சோதனையிலும் காலிப் பட்டியல், ஒற்றை உறுப்பு இரண்டும் கட்டாயம் இருக்கும்.

ஓர் உறுப்பாவது பொருந்துகிறதா என்று கேட்கும் சம் (some), எல்லா உறுப்புகளும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் எவரி (every) ஆகிய இரண்டும் விடை தெரிந்ததும் நின்றுவிடும். இதைச் சோதிக்க உறுப்புகளின் இடத்தைத் தேர்ந்து வைக்க வேண்டும்: விடையை முடிவுசெய்யும் உறுப்பு கடைசியில் இருந்தால், இடையில் நிற்கிறதா முழுவதும் ஓடுகிறதா என்று பிரித்தறிய முடியாது. நடுவில் வைத்தால்தான் தெரியும்.

பூஜ்ஜியம் அழைப்புகள் என்பது சோதனைக்கே எமனாகும் ஓர் இடம் உண்டு. அதைப் பற்றி நான் உரக்கவே சொல்ல விரும்புகிறேன். சரிபார்ப்பைப் பெயரற்ற செயற்கூற்றுக்குள்ளேயே எழுதுவது பலருடைய வழக்கம்: பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் 'இதன் விலை சுழியத்தைவிட அதிகமா' என்று உள்ளே கேட்பார்கள். பட்டியல் ஏதோ காரணத்தால் காலியாக வந்துவிட்டால் உள்ளே இருக்கும் சரிபார்ப்பு ஓடவே ஓடாது. ஓடாத சரிபார்ப்பு தோற்காது. சோதனை பச்சையாக ஒளிரும். ஒரு தொகுப்பில் இப்படி எதையும் சரிபார்க்காமலே தேறிக்கொண்டிருந்த சோதனைகளைக் கண்டுபிடித்தபோது, அவற்றை நம்பி எத்தனை மாற்றங்களை வெளியே அனுப்பியிருக்கிறோம் என்று எண்ணி உண்மையாகவே அஞ்சினேன். ஜெஸ்ட்டில் இத்தனை சரிபார்ப்புகள் ஓடியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி இருக்கிறது. அது இல்லாத கருவிகளில் சரிபார்ப்பை வெளியே எடுத்துவிடுவது மேல்: உள்ளே பதிவுமட்டும், கேள்விகள் வெளியே.

அடுத்தது 'எப்போது'. பைத்தான் 2க்கு எழுதப்பட்ட ஒரு பழைய நிரலை மூன்றாம் பதிப்புக்கு மாற்றியபோது இதைக் கற்றேன். ஒரு லாம்டாவை (பைத்தானின் பெயரற்ற செயற்கூறு) மேப்புக்குக் கொடுத்து, ஒவ்வொரு வரியையும் கோப்பில் எழுதும் நிரல் அது. மாற்றியபின் நிரல் பிழையின்றி ஓடியது. கோப்பு காலியாக இருந்தது. பைத்தான் 2இல் மேப் உடனே எல்லாவற்றையும் அழைத்து முடித்து ஒரு பட்டியலைத் தந்தது. 2008இல் வந்த பைத்தான் 3இலோ அது ஓர் இட்டரேட்டரை மட்டும் தருகிறது. யாராவது மதிப்பைக் கேட்கும்வரை லாம்டா அழைக்கப்படுவதே இல்லை. என் நிரலில் திரும்பி வந்ததை யாரும் கேட்கவில்லை, ஆகவே எதுவும் நடக்கவில்லை.

இதற்கான சோதனை எழுதுவதற்கு இனிமையானது. மூன்று உறுப்புகளோடு மேப்பை அழைத்தவுடன் பதிவுப் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மதிப்பைக் கேட்டபின் ஒரே ஓர் அழைப்பு இருக்க வேண்டும். முழுவதும் தீர்த்தபின் மூன்று. தீர்ந்த இட்டரேட்டரிலிருந்து மறுபடி பட்டியல் எடுத்தால் அது காலி; பதிவிலும் புதிய அழைப்பு இல்லை. இந்த நான்கு நிலைகளையும் ஒரே சோதனைக்குள் வரிசையாக எழுதி வைத்தால், பின்னால் வருபவர் எவருக்கும் அதைப் படித்தவுடனே புரியும்.

2014இல் வந்த ஜாவா 8இன் ஸ்ட்ரீமும் (உறுப்புகளை அடுத்தடுத்த படிகள் வழியே செலுத்தும் வசதி) இப்படித்தான்: விடையைக் கேட்கும் முடிவுச் செயல் வரும்வரை இடையில் கொடுத்த லாம்டாக்கள் உறங்கும். அதிலும் ஒரு படி மேலே போய், ஜாவா 9 முதல், எண்ணிக்கையை மட்டும் கேட்டால் அதை மூலப் பட்டியலிலிருந்தே நேரடியாக அறிய முடியுமானால் இடையிலுள்ள லாம்டாக்கள் அழைக்கப்படாமலே போகலாம். கடந்து போகும் உறுப்பை எட்டிப்பார்க்கும் பீக்குக்குள் ஓர் எண்ணியை வைத்து 'எத்தனை கடந்து போயின' என்று கணக்கெடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சோம்பலா (கேட்டால் மட்டும் அழைப்பது) சுறுசுறுப்பா (உடனே எல்லாவற்றையும் அழைப்பது) என்று அறிய நான் மிகவும் விரும்பிப் பயன்படுத்தும் உத்தி ஒன்று உண்டு. இரண்டு செயற்கூறுகள், ஒரே பதிவுப் பட்டியல். 1, 2, 3 என்ற பட்டியலை மேப் வழியாகவும் பிறகு ஃபில்டர் வழியாகவும் செலுத்தி, ஒவ்வொன்றும் தன் பெயரையும் உறுப்பையும் எழுதும்படி செய்ய வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் அணியில் மூன்று மேப் வரிகளும் முதலில் வரும், பிறகு மூன்று ஃபில்டர் வரிகள். பைத்தான் 3இல் முடிவை ஒரு பட்டியலாக்கிப் பார்த்தால் மேப் ஒன்று, ஃபில்டர் ஒன்று, மேப் இரண்டு, ஃபில்டர் இரண்டு என்று பின்னிப் பின்னி வரும். 2025ஆம் ஆண்டின் ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையில் சேர்ந்த இட்டரேட்டர் மேப்பும் இந்தப் பின்னலைத்தான் தருகிறது. அது நம் செயற்கூற்றுக்குக் கொடுப்பது இரண்டே மதிப்புகள்: உறுப்பும் வரிசை எண்ணும், முழு அணி இல்லை. அணியின் மேப்பிலிருந்து இதற்கு மாறி, மூன்றாவது மதிப்பை நம்பியிருப்பவர்கள் முதல் நாளிலேயே இடறுவார்கள். பார்ஸ்இன்ட்டின் சிக்கலோ அப்படியே தொடரும்.

ஒத்திசைவற்ற செயற்கூறுகள், அதாவது வேலையைத் தொடங்கிவிட்டு விடையைப் பிறகு தருபவை, 'எப்போது' என்ற கேள்வியை இன்னும் கடினமாக்குகின்றன. ஃபார்ஈச் நம் செயற்கூறு திருப்பித் தரும் பிராமிஸை (பிறகு வரப்போகும் விடைக்கான பொருளை)ப் பார்ப்பதே இல்லை; எல்லாவற்றையும் தொடங்கி வைத்துவிட்டு உடனே திரும்பிவிடும். ஃபில்டருக்கு அப்படியொன்றைக் கொடுத்தால் எதுவும் வடிகட்டப்படாது. பிராமிஸ் என்பது ஒரு பொருள், பொருள் எதுவும் மெய்யாகவே கொள்ளப்படும், எல்லா உறுப்புகளும் உள்ளே வந்துவிடும். அனுமதி இருக்கிறதா என்று பார்த்து வடிகட்டும் இடத்தில் இதை யாராவது எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

'ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததை அழைக்கும்' என்று ஓர் இட்டரேட்டர் வாக்களித்தால் அதை எப்படிச் சோதிப்பது? சில மில்லிநொடிகள் காத்திருந்து பார்ப்பதே முதலில் தோன்றும் வழி. நானும் அப்படித்தான் செய்தேன். வேகமான கணினியில் தேறும், சுமை ஏறிய கணினியில் தோற்கும் சோதனைகள் கிடைத்தன. இப்போது நேரத்தை நான் தொடுவதே இல்லை. உள்ளே அனுப்பும் செயற்கூறு ஒரு பிராமிஸைத் தரும். அதை நிறைவேற்றும் திறவுகோலைச் சோதனை தன்னிடமே வைத்துக்கொள்ளும். முதல் பிராமிஸைப் பூட்டியே வைத்திருக்கும்போது, நிலுவையில் உள்ள சிறுபணிகள் ஓடி முடிய இடம் கொடுத்துவிட்டு, பதிவில் ஒரே ஓர் அழைப்புதானே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு திறந்துவிட வேண்டும். இரண்டாவது வந்திருக்க வேண்டும். இரண்டாவதைப் பிழையோடு முடிக்க வேண்டும். மூன்றாவது வரவே கூடாது. எந்தக் கணினியிலும் இதன் விடை மாறாது.

ஒற்றர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய கோப்புகளை வரிவரியாகப் படிக்கும் ஓர் இட்டரேட்டரைச் சோதித்தபோது, மூன்று அழைப்புகளிலும் மூன்றாவது வரியே வந்ததாக ஒற்றன் சொன்னது. இட்டரேட்டரில்தான் வழு என்று பாதி நாளைச் செலவிட்டேன். நினைவகத்தை மிச்சப்படுத்த அது ஒரே பொருளை ஒவ்வொரு வரிக்கும் மறுபடி நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜெஸ்ட்டின் ஒற்றனும் பைத்தானின் மாக்கும் வந்த பொருளைப் படியெடுத்து வைப்பதில்லை. அதைச் சுட்டும் குறிப்பை மட்டுமே வைத்திருக்கின்றன. பிறகு போய்ப் பார்க்கும்போது மூன்று குறிப்புகளும் கடைசி நிலையில் இருக்கும் ஒரே பொருளைக் காட்டும். பதிவுசெய்யும் செயற்கூறு வந்ததைப் படியெடுத்துச் சேர்த்தால் ஒவ்வோர் அழைப்பின் உண்மையான மதிப்பும் கிடைக்கும். ஆனால் அத்தோடு நிறுத்தவில்லை. படியெடுக்காமல் வைத்தால் மதிப்புகள் மாறிவிடுகின்றன என்பதே அந்த இட்டரேட்டரைப் பற்றிய முக்கியமான உண்மை. பயன்படுத்துபவர் யாராவது பொருள்களைச் சேர்த்து வைத்துப் பிறகு படித்தால் அவருக்கும் இதேதான் நடக்கும். ஆகவே இரண்டு பொருள்களும் ஒன்றேதானா என்று கேட்கும் ஒரு சோதனையையும் எழுதி வைத்தேன்.

மாறியைப் பிடித்துவைக்கும் சிக்கல் இதற்கு உறவு. பைத்தானில் 0 முதல் 2 வரை ஓடும் மடக்கில் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதியில்) மூன்று லாம்டாக்களை உருவாக்கிப் பிறகு அழைத்தால் மூன்றும் 2 என்றே சொல்லும். அவை வைத்திருப்பது மதிப்பை அல்ல, மாறியை. மாறியின் அப்போதைய மதிப்பை லாம்டாவின் அளபுருவுக்கு இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிட்டால் தீரும். ஜாவாஸ்கிரிப்டில் 2015இல் வந்த, மாறியை அறிவிக்கும் லெட், ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியைத் தந்து இதைத் தீர்த்துவைத்தது. சோதனையில் இதைப் பிடிக்க, மடக்கு முடிந்த பின்னரே செயற்கூறுகளை அழைக்க வேண்டும். மடக்குக்குள்ளேயே அழைத்தால் எல்லாம் சரியாகத் தெரியும்.

எதைச் சோதிக்கக் கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வரிசைப்படுத்தும் சார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டுச் செயற்கூறு எத்தனை முறை, எந்த இணைகளோடு அழைக்கப்படுகிறது என்பதை ஜாவாஸ்கிரிப்ட் தரநிலை வாக்களிப்பதில்லை. உள்ளிருக்கும் வழிமுறை மாறினால் அதுவும் மாறும். குரோமின் வி8 இயந்திரம் 2018இல் தன் சார்ட்டை டிம்சார்ட் என்ற வழிமுறைக்கு மாற்றியது. அழைப்புகளின் வரிசையை நம்பிய சோதனைகள் அப்போது உடைந்திருந்தால் பழி வி8இன் மேல் இல்லை. அங்கே விளைவைத்தான் சோதிக்க வேண்டும். பைத்தானின் சார்ட்டட் வேறு: எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்ல அதற்குக் கொடுக்கும் கீ செயற்கூறு ஒவ்வோர் உறுப்புக்கும் சரியாக ஒரு முறை அழைக்கப்படும் என்று ஆவணமே சொல்கிறது. செலவுமிக்க கணக்கை அதற்குள் வைத்திருப்பவர் தயங்காமல் அதை நம்பலாம்.

அதேபோல், மொழியே தரும் மேப் மூன்று முறை அழைக்கிறதா என்று நம் நிரலின் சோதனைகளில் கேட்பது வீண். அவற்றுக்கெனத் தனிக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறேன். கற்பதற்காக எழுதிய சோதனைகள் அதில் இருக்கும்: மேலே சொன்ன ஓட்டைகள், பின்னல், சோம்பல் எல்லாம். அன்றாடம் அது ஓடாது. மொழியின் பதிப்பையோ நிரல்தொகுப்பையோ உயர்த்தும் நாளில் ஓட்டுவேன். மூன்று வரியைத் தாண்டும் பெயரற்ற செயற்கூற்றை வெளியே எடுத்துப் பெயர் வைத்துத் தனியே சோதித்துவிடுவதும் பழக்கமாகிவிட்டது. அப்போது இட்டரேட்டரின் சோதனையில் அழைப்பைப் பற்றிய கேள்விகள் மட்டுமே மிஞ்சுகின்றன.

மடல் அனுப்பிய அந்த இட்டரேட்டருக்குத் திரும்புகிறேன். பக்கம் வாங்குவதையும் செயற்கூற்றை அழைப்பதையும் பிரித்தேன். மறுமுயற்சி முதலாவதை மட்டும் சூழ்ந்திருக்கிறது. புதிய சோதனையில் போலிச் சேவையும் உள்ளே அனுப்பிய செயற்கூறும் ஒரே பதிவில் எழுதுகின்றன. இரண்டாம் பக்கம் முதல் முயற்சியில் தோற்கும்படி வைத்தால் பதிவு இப்படி இருக்க வேண்டும்: பக்கம் 1 கேட்டது, பதிவு அ, பதிவு ஆ, பக்கம் 2 கேட்டது, பக்கம் 2 கேட்டது, பதிவு இ. இன்னொரு சோதனையில் 'ஆ' வரும்போது செயற்கூறு பிழை எறியும். பக்கம் 1 கேட்டது, பதிவு அ, பதிவு ஆ. அதற்குமேல் ஒரு வரியும் இருக்கக் கூடாது. எறிந்த அதே பிழை வெளியே வர வேண்டும். ஒரு பதிவு தோற்றாலும் மற்றவற்றைத் தொடர வேண்டுமானால், அதை அழைப்பவர் தம் செயற்கூற்றுக்குள் முடிவுசெய்துகொள்ளலாம். இட்டரேட்டர் ஊகிக்காது.

சில மாதங்கள் கழித்து உடன் பணிபுரியும் ஒருவர், வேகத்துக்காக அடுத்த பக்கத்தை முன்னதாகவே வாங்கி வைக்கும்படி அதை மாற்றினார். முதல் சோதனை தோற்றது. 'பக்கம் 2 கேட்டது' என்ற வரிகள் 'பதிவு அ'வுக்கு மேலே ஏறியிருந்தன. அவரும் நானும் அந்தப் பதிவைப் பார்த்தபடி பேசினோம்: பதிவுகளைப் பெறும் செயற்கூறு சேவையிலேயே எதையாவது மாற்றினால், முன்னதாக வாங்கிய பக்கம் பழையதாக இருக்குமே? எங்களுடைய பயன்பாடுகளில் இரண்டு அப்படி மாற்றின. அவற்றுக்கு முன்வாங்கலை அணைக்கும் ஒரு தேர்வைச் சேர்த்தார். சோதனை இரண்டாகப் பிரிந்தது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஆறு வரிகளோடு.